தண்ணி குடிச்ச 1.3 டீசல் இன்ஜின்: பிரிச்சு செய்யலாமா, காயலான் கடைக்கா?

#1 மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்

வண்டி 2014 ஸ்விஃப்ட் இசட்டிஐ, 1.3 டீசல், 1,42,000 கி.மீ. முழங்கால் அளவு மழைத்தண்ணியில் போகும்போது இன்ஜின் நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே ரெண்டு தடவை செல்ஃப் அடித்தாகிவிட்டது. முதல் தடவை "டக்" என்று ஒரே சத்தம், சுத்தவில்லை. ரெண்டாவது தடவை ஸ்டார்ட் ஆகி நாலைந்து விநாடி தடதடவென்று அடித்துவிட்டு நின்றது. கீழே ஆயில் கொட்டியிருக்கிறது. மெக்கானிக் "பிளாக் உடைஞ்சிருச்சு சார்" என்கிறார். கீழேயிருந்து டார்ச் அடித்தால் சம்ப்புக்கு (அடியில் இருக்கிற ஆயில் தொட்டி) கொஞ்சம் மேலே எலுமிச்சம்பழம் அளவு ஓட்டை தெரிகிறது.

இதுவரை வந்த விலைகள்: சர்வீஸ் சென்டரில் புது ஹாஃப் இன்ஜின் (சிலிண்டர் ஹெட் இல்லாத கீழ்ப்பாதி) போட்டு லேபரோடு 2,35,000. வெளியே இதே இன்ஜினை ரீகண்டிஷன் செய்ய 1,10,000. பழைய இன்ஜின் வாங்கினால் 70,000, இறக்கி ஏற்ற 18,000. காயலான் கடையில் வண்டியோடு 42,000. இருக்கிற நிலையில் அப்படியே எடுத்துக்கொள்ள ஒரு புரோக்கர் 95,000 சொல்கிறார். இதே மாடல் நல்ல ஓட்டத்தில் 2,90,000 போகிறது. இன்ஷூரன்ஸ் ஃபுல் கவர், ஆனால் இன்ஜின் புரொடெக்ட் எடுக்கவில்லை.

செய்வதா, போட்டுவிடுவதா?

#2 பாலிசி_பார்வை

முதலில் ஒன்று. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். பிரித்த இன்ஜினைக் காட்டினால் கிளெய்ம் அங்கேயே முடிந்தது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

#3 டயல்கேஜ்

தம்பி, மெக்கானிக் "பிளாக்" என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த இன்ஜினில் மேல் பாதி வார்ப்பிரும்பு பிளாக். அதற்கும் சம்ப்புக்கும் நடுவில் அலுமினியத்தில் ஒரு அடிச்சட்டம் வரும், பெட்பிளேட் என்பார்கள். கிராங்க்கை (பிஸ்டன்கள் சுத்துகிற தண்டு) தாங்குகிற மெயின் பேரிங் கேப் ஐந்தும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சம்ப்புக்குச் சற்று மேலே ஓட்டை என்றால் பிளாக்காகவும் இருக்கலாம், பெட்பிளேட்டாகவும் இருக்கலாம். ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டையின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். பிடித்தால் வார்ப்பிரும்பு, வழுக்கி விழுந்தால் அலுமினியம். தொடைக்கிற துணியால் ஆயிலைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

நடந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், முடிவு எடுக்க அது வேண்டும். 1248 சிசி இன்ஜின், நாலு சிலிண்டர், ஆக ஒன்றுக்கு 312 சிசி. கம்ப்ரஷன் 17.6க்கு 1. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிச்சம் இருக்கிற இடம் 312ஐ 16.6ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 19 மில்லி. நாலு டீஸ்பூன் தண்ணி. அதற்கு மேல் உள்ளே போனால் பிஸ்டன் உச்சிக்குப் போகவே வழியில்லை. தண்ணி அமுங்காது, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற ராடு வளையும். 11க்கு 1 கம்ப்ரஷன் உள்ள 1.2 பெட்ரோலில் அதே இடம் 30 மில்லி. டீசல் வண்டி தண்ணியில் சீக்கிரம் சாவதற்கு இது ஒரு காரணம்.

முதல் "டக்"கில் ராடு வளைந்திருக்கிறது. ரெண்டாவது செல்ஃபில் ஸ்டார்ட் ஆனதும் வளைந்த ராடு முறிந்து பக்கச் சுவரை இடித்து வெளியே வந்திருக்கிறது. முதல் சத்தத்தோடு விட்டிருந்தால் ராடு மாற்றுகிற வேலையோடு போயிருக்கும். இனி படிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்: தண்ணியில் நின்ற டீசலுக்குச் செல்ஃப் அடிக்கவே கூடாது, தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது.

#4 மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்

சர்வேயர் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போய்விட்டார். காந்தம் ஓட்டை ஓரத்தில் ஒட்டவில்லை. அரை அடி மேலே வைத்தால் நன்றாகப் பிடிக்கிறது.

#5 கோவை_போரிங்

அப்போது பெட்பிளேட்தான். ஆர்கான் வெல்டிங்கில் மூடிவிடலாமே? அலுமினியம் நன்றாகப் பற்றும். உடைந்த துண்டு கிடைத்தால் அதையே வைத்து மூடலாம். ராடு ஒன்று, பிஸ்டன் ஒன்று, கிராங்க் தேய்ப்பு. 60,000 பக்கம் வரும்.

#6 டயல்கேஜ்

வெல்டிங் பற்றும் அண்ணா, அதில் சந்தேகமில்லை. சூட்டில்தான் பிரச்சனை. மெயின் பேரிங் உட்காருகிற அரைவட்டம் ஐந்தும் இந்தச் சட்டத்தில்தான் வார்த்திருக்கிறது. பெட்பிளேட்டைப் பிளாக்கோடு சேர்த்து முறுக்கி வைத்து, ஐந்து துளையையும் ஒரே நேர்கோட்டில் ஒரே ஓட்டமாகக் கடைந்திருப்பார்கள். அதனால்தான் ஒரு இன்ஜின் பெட்பிளேட்டை இன்னொன்றுக்கு மாற்றிப் போட முடியாது. எலுமிச்சம்பழம் அளவு ஓட்டையை மூட எத்தனை ஓட்டம் வெல்டு இழுக்க வேண்டும்? அந்த இழுப்பில் நடு பேரிங் துளை நூலிழை நகர்ந்தாலே போதும். பேரிங்குக்கு விடுகிற ஆயில் இடைவெளியே மொத்தம் 0.03லிருந்து 0.05 மிமீ வரைதான். கிராங்க் கையால் சுத்தும்போது ஒன்றும் தெரியாது, சூடானதும் நடு பேரிங் அடிக்கும்.

#7 கோவை_போரிங்

ஓட்டை வெளிச்சுவரில் இருந்து, பேரிங் தாங்குகிற குறுக்குச் சுவரிலிருந்து விலகி இருந்தால் செய்ய வழி இருக்கிறது. பெட்பிளேட்டைப் பிளாக்கில் புது போல்ட்டோடு முழு டார்க்கில் கட்டி, உள்ளே டம்மி ஷாஃப்ட் போட்டு, துண்டு துண்டாக ஆறவிட்டு வெல்டு. அப்புறம் குறுக்குச் சுவர் ஐந்துக்கும் சிவப்புச் சாயம் அடித்து வெடிப்பு பார்க்க வேண்டும். கடைசியில் ஐந்து துளையும் போர் கேஜில் அளந்து, விலகியிருந்தால் லைன் போரிங், அதாவது ஐந்தையும் ஒரே நேர்கோட்டில் திரும்பக் கடைவது. ஆனால் லைன் போரிங்கையும் சேர்த்தால் செலவு பழைய ஹாஃப் இன்ஜின் விலையைத் தாண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இந்த இன்ஜின் மார்க்கெட்டில் கிடைக்கிற வகை. கிடைக்காத பழைய வண்டி என்றால் நான் சொன்ன வேலைக்கு அர்த்தம் இருக்கிறது.

#8 டயல்கேஜ்

அது சரி. வார்ப்பிரும்பு பிளாக்கின் பக்கச் சுவரில் ஓட்டை என்றால் மெட்டல் லாக்கிங்கூட யோசிக்கலாம், சூடே இல்லாமல் தைக்கிற வேலை. தண்ணீர் ஓடும் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் அது நிற்கும். போர் சுவர் (பிஸ்டன் ஓடும் துளையின் சுவர்), பேரிங் சுவர், ஹெட் உட்காரும் மேல்முகம், இந்த மூன்றில் வெடிப்பு இருந்தால் அந்தப் பிளாக்கை எடைக்குப் போட்டுவிடலாம். பெட்பிளேட் உடைந்தால் அதனோடு ஜோடிப் பிளாக்கும் போச்சு. ஆக 1,10,000க்கு "இதே இன்ஜினை ரீகண்டிஷன்" என்ற விலையைத் தம்பி இப்போதே கைவிட்டுவிடலாம். அதைச் சொன்னவர் ஓட்டை எதில் இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லியிருக்கிறார்.

#9 பாலிசி_பார்வை

கிளெய்ம் விஷயம். சாதாரண ஃபுல் கவரில் வெள்ளத்தால் ஆன சேதம் உண்டு. ஆனால் தண்ணியில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உள்ளே உடைந்தது "தொடர் சேதம்" என்று தள்ளிவிடுவார்கள். அதற்குத்தான் இன்ஜின் புரொடெக்ட். இல்லாததால் ராடு, பிளாக் பணம் வராது என்று வைத்தே கணக்குப் போடுங்கள். ஆனால் கார்பெட், சீட், வயரிங், பிரேக் சுத்தம் செய்தது, டோயிங், இவை வெள்ளச் சேதம்தான். விடாமல் கேளுங்கள். பத்து வருஷம் தாண்டிய வண்டியில் உலோகப் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு எந்த வயதிலும் 50.

ஏற்றுக்கொண்ட ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகத் தீர்ப்பார்கள். உங்களுடையதில் இன்ஜினைக் கழித்துவிட்டால் அது எட்டாது.

#10 மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்

அப்படியானால் 88,000க்குப் பழைய இன்ஜின் போடுவதா, 95,000க்கு அப்படியே தள்ளிவிடுவதா என்ற கேள்விதான் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#11 புதுப்பேட்டை_பாகம்

கணக்கை இப்படிப் போடுங்க சார். ஓடுற வண்டி 2,90,000. இப்படியே கொடுத்தா 95,000. வித்தியாசம் 1,95,000. ரிப்பேருக்கு நீங்க போடுற ஒவ்வொரு ரூபாயும் இந்த வித்தியாசத்துக்குள்ள அடங்கணும். நிறைய பேர் ரிப்பேர் செலவை 2,90,000 பக்கத்துல வச்சுப் பார்த்து "பரவாயில்ல, கம்மிதான்"னு இறங்கிடுறாங்க. 2,35,000 புது ஹாஃப் இன்ஜின் இந்தக் கணக்குல தோத்துப்போகுது.

இன்ஜின் மாத்துன வண்டின்னு ஆர்சியில தெரியும், வாங்குறவர் 20,000, 30,000 குறைச்சுக் கேப்பார். 2,90,000ஐ 2,65,000ன்னு வச்சுக்கோங்க. அப்போ உங்க எல்லை 1,70,000. இதுல 20,000 எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்க. 1,50,000க்குள்ள முடிஞ்சா செய்யுங்க.

88,000ங்குறது முழுச் செலவு இல்ல. பழைய இன்ஜின் போடும்போது கட்டாயம் மாத்த வேண்டியது: டைமிங் செயின் செட் டென்ஷனர், கைடோட. வாட்டர் பம்ப். முன், பின் ஆயில் சீல். நாலு இன்ஜெக்டர் காப்பர் வாஷர். க்ளோ பிளக். ஆயில், கூலன்ட். கிளட்ச் பிளேட்டு 1,42,000 கி.மீ. ஓடினது, கியர்பாக்ஸ் இறங்குறப்பவே மாத்திடுங்க, தனியா இறக்கினா இன்னொரு லேபர். கிளட்ச்சோட சேர்த்து 25,000லேருந்து 35,000 வரை. ஆக 1,13,000லேருந்து 1,23,000. எல்லைக்குள்ள இருக்கு.

வண்டி இன்னும் உங்க கிட்டயே ஓடுமா, வித்துடுவீங்களா? 2014 வண்டிக்கு ஆர்சி 2029 வரைக்கும். அது வரைக்கும் நீங்களே ஓட்டுறதுன்னா செய்றது லாபம். செஞ்சு உடனே விக்கிறதுன்னா கையில நிக்கிறது கொஞ்சம்தான்.

#12 டயல்கேஜ்

இன்ஜினை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். முழங்கால் தண்ணி கதவு வழியாக உள்ளே போயிருக்கிறதா? கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கிற பஞ்சை விரலால் அழுத்திப் பாருங்கள். இசட்டிஐயில் ஏர்பேக் உண்டு. அதன் கண்ட்ரோல் யூனிட் நடுவில் தரையோடு இருக்கும், அதன் கனெக்டரில் பச்சைப் பூஞ்சு இருக்கிறதா பார்க்கணும். சீட் மட்டம் வரை நனைந்த வண்டி என்றால் என் பதில் மாறும். அந்த வயரிங் ஆறு மாசம் கழித்து ஒவ்வொன்றாகப் படுக்கும், அப்போது இன்ஜினுக்குப் போட்ட பணமும் சேர்ந்து போகும்.

#13 மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்

கார்பெட் முன்பக்கம் இடது ஓரம் மட்டும் ஈரம். பஞ்சு காய்ந்துகொண்டிருக்கிறது. கனெக்டர் சுத்தமாக, பளபளவென்று இருக்கிறது. சீட் நனையவில்லை.

மெக்கானிக் ஒரு யோசனை சொல்கிறார். ஹெட், டர்போ, இன்ஜெக்டர் நம்முடையது நன்றாக இருந்தால் பழைய முழு இன்ஜின் வேண்டாம், பழைய ஹாஃப் இன்ஜின் மட்டும் 45,000க்கு எடுக்கலாம் என்கிறார். சரியா?

#14 பம்ப்ரூம்

நம்முடைய மேல்பாகம் நன்றாக இருந்தால் நல்ல யோசனைதான். ஆனால் "நன்றாக இருந்தால்" என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

டர்போவுக்கு: இரு பக்கக் குழாயையும் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். அந்தத் திசையில் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு, இறக்கை சுவரில் உரசக் கூடாது. உடைந்த இன்ஜின் ஆயிலில் இரும்புத்தூள் இருக்கும், அது டர்போ பேரிங் வழியாகவும் போயிருக்கும். ஆயில் பைப்பைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணி நுழைத்து இழுத்துப் பாருங்கள்.

இன்டர்கூலரைக் கட்டாயம் இறக்கித் தலைகீழாகக் கவிழ்க்கணும். பலர் மறக்கிற இடம் இது. உள்ளே தங்கிய தண்ணி புது இன்ஜினின் முதல் ஆக்சிலரேட்டரிலேயே உள்ளே போகும், பழைய கதை திரும்ப நடக்கும். தண்ணிக்குப் பதில் ஆயில் தேங்கியிருந்தால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் எகிறும். டீசல் விட்டு அலசி, காற்றடித்து, ஒரு நாள் வெயிலில் காய விடுங்கள்.

இன்ஜெக்டரைக் கழற்றும்போது எந்த சிலிண்டருக்கு எது என்று பெயிண்டால் எண் போடுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குறியீடு அச்சிட்டிருக்கும், அது ஈசியூவில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) அந்தந்த சிலிண்டருக்கு எழுதப்பட்டிருக்கிறது. இடம் மாறினாலோ வேறு இன்ஜெக்டர் போட்டாலோ ஸ்கேனரில் திரும்ப எழுதணும். இல்லாவிட்டால் ஐடிலில் நடுக்கம், புகை. கழற்றியதும் டீசல் பம்ப் கடையில் நாலையும் மேஜையில் சோதித்து வாங்குங்கள். டாங்க்கின் மூச்சுக்குழாய் மூழ்கியிருக்கலாம் என்பதால் டீசல் ஃபில்டர் கிண்ணத்தையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டாங்க்கையும் இறக்கிக் கழுவணும்.

#15 கோவை_போரிங்

ஹெட்டுக்கு: மேடைத்தட்டில் வைத்து நேர்விளிம்பு போட்டு ஃபீலர் கேஜ் சொருகுங்கள். 0.05 மிமீ தகடு எங்கேயும் நுழையக் கூடாது. வெந்நீரில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்து வெடிப்பு பார்க்கணும். வால்வு பதினாறையும் தலைகீழாக மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுக்கு பாருங்கள். உடைந்த சிலிண்டர் மேலே வால்வை அமுக்குகிற ராக்கர் விரல்கள் இருக்கின்றன, அவை முறிந்திருக்கிறதா, கேம் ஷாஃப்டில் கோடு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கணும். டீசல் ஹெட்டை இஷ்டத்துக்கு இழைக்கக் கூடாது. வால்வு பிஸ்டனுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

#16 மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்

இன்ஜின் இறக்கிப் பிரித்தாகிவிட்டது. லேத் பட்டறையில் அளந்து கொடுத்தது:

3ஆம் சிலிண்டர் ராடு ரெண்டாக முறிவு, பிஸ்டன் தூள். 1, 4 பிஸ்டன் உச்சி மட்டம் சமம். 2ஆம் பிஸ்டன் அவற்றைவிட 0.8 மிமீ கீழே. கிராங்க்கில் 3ஆம் ஜர்னலில் (ராடு பேரிங் உட்காருகிற இடம்) நகம் மாட்டுகிற அளவு கோடு. ஹெட் மட்டம் சரி, வெடிப்பு இல்லை, ராக்கர் ரெண்டு மட்டும் உடைந்தது. டர்போவில் முன்பின் ஆட்டம் இல்லை. இன்ஜெக்டர் நாலும் பாஸ்.

2ஆம் ராடு நேராகத்தான் தெரிகிறது. 0.8 மிமீ பெரிய விஷயமா?

#17 டயல்கேஜ்

பெரிய விஷயம். 69.6 மிமீ போர். 0.8 மிமீ கீழே நின்றால் மேலே 3 மில்லி இடம் கூடுகிறது. 19 என்பது 22 ஆகிறது, கம்ப்ரஷன் 17.6லிருந்து 15.3க்கு இறங்குகிறது. அந்த சிலிண்டர் காலையில் வெடிக்காது, வெள்ளைப் புகை வரும். கண்ணுக்கு ராடு நேராகத்தான் தெரியும், 0.8 மிமீ குறைய மிகச் சின்ன வளைவு போதும். அந்தப் பிஸ்டனை எடுத்துப் பக்கவாட்டைப் பாருங்கள். தேய்மானம் ஒரு பக்கம் மேல் ஓரத்திலும் எதிர்ப்பக்கம் கீழ் ஓரத்திலும் மூலைக்கு மூலையாக இருக்கும். ராடு பேரிங் ஷெல்லிலும் அப்படியே, ஒரு பாதியில் இடது விளிம்பு, மறு பாதியில் வலது விளிம்பு பளபளக்கும்.

"பிரஸ்ஸில் நெளிவு எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வளைந்த இரும்பை நிமிர்த்தினால் அந்த இடத்தில் நரம்பு விட்டுப்போகும், சில ஆயிரம் கிலோமீட்டரில் அங்கேயே முறியும். 3ஆம் ராடு போன வழியிலேயே அது வெளியே வரும்.

உங்கள் அளவுகள் கேள்வியைத் தீர்த்துவிட்டன. பிளாக், கிராங்க், ராடு எல்லாம் எடைக்கு. ஹெட், டர்போ, இன்ஜெக்டர், பம்ப் உயிரோடு இருக்கிறது. ஹாஃப் இன்ஜின் எடுங்கள்.

#18 புதுப்பேட்டை_பாகம்

ஹாஃப் இன்ஜின் எடுக்கப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க.

இந்த 1.3 ரெண்டு வகை. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ்ல வர்றது 75 குதிரைசக்தி. எர்டிகா, சியாஸ், எஸ்எக்ஸ்4ல வர்றது 90, டர்போ வேற, இன்ஜெக்டர் வேற. நீங்க 75லேயே தேடுங்க. ஃபியட், டாடா வண்டியில வந்த இதே குடும்பத்து இன்ஜின்ல சம்ப், மவுண்ட்டு, பிராக்கெட் ஒத்து வராது.

கடையில நிக்கிற இன்ஜின்ல முதல்ல கிராங்க் போல்ட்ல ஸ்பானர் போட்டு ரெண்டு முழுச் சுத்து சுத்தணும். ஒரே பிடிப்பா வரணும், எங்கேயும் மாட்டக்கூடாது. அப்புறம் சம்ப்பைக் கழட்டச் சொல்லுங்க. மறுக்கிற கடையில வாங்காதீங்க. சம்ப் அடியில பால் கலந்த டீ மாதிரி கசடு இருந்தா அதுவும் தண்ணி குடிச்ச இன்ஜின். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அப்புறம் இந்தக் கவனம் ரொம்ப அவசியம். போர் சுவர்ல உச்சிக்குக் கீழ துருக்கோடு வளையமா இருந்தாலும் அதே சேதி, பிஸ்டன் நின்ன இடத்துல தண்ணி தேங்கி இருந்திருக்கு.

ரெண்டு ராடு கேப்பைக் கழட்டிப் பேரிங் பாருங்க. ஒரே சீரான சாம்பல் நிறம்னா எடுக்கலாம். செம்பு நிறம் எட்டிப் பார்த்தா வேண்டாம். இந்தக் காலத்து ராடு கேப் வெட்டி எடுத்தது இல்ல, உடைச்சுப் பிரிச்சது. உடைஞ்ச முகம் சொரசொரன்னு இருக்கும், அதே ராடுக்கு அதே பக்கமாத்தான் உட்காரும். மாத்திப் போட்டா ராடு போச்சு. திரும்பப் பூட்டும்போது புது போல்ட் போடணும். பெட்பிளேட்டை மட்டும் எக்காரணத்துக்கும் கழட்ட விடாதீங்க.

கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜ் வையுங்க, 0.3 மிமீ தாண்டினா விட்டுடுங்க.

#19 கோவை_போரிங்

கடையில் ஹெட்டோடு முழு இன்ஜினாக இருந்தால் இன்னும் ஒரு சோதனை. க்ளோ பிளக் கழற்றி, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்று 6 பார் கொடுத்துக் காது வையுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் உஸ் என்று வந்தால் ரிங். காற்று உள்ளே போகும் குழாயில் வந்தால் இன்லெட் வால்வு, டர்போ பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. தண்ணி வாயில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது வெடிப்பு.

#20 பாலிசி_பார்வை

பில் இல்லாமல் வாங்காதீர்கள். இன்ஜின் எண் பிளாக்கில் குத்தியிருக்கிறது, ஹாஃப் இன்ஜின் மாறினாலே எண் மாறிவிட்டது. பில்லில் அந்த எண் எழுதியிருக்கணும், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதற்கு அந்த வண்டியின் ஆர்சி நகல் வேண்டும். திருட்டு வண்டி இன்ஜின் என்றால் சிக்குவது வாங்கியவர். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் இன்ஜின் மாற்றம் பெயர் சொல்லியே வருகிறது. ஆர்டிஓவில் முன்கூட்டி அனுமதி கேளுங்கள், அப்படி முடியாமல் மாற்றிவிட்டால் 14 நாளுக்குள் தெரிவிக்கணும். ஆர்சியில் ஏறியதும் இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் எண்ணை மாற்றுங்கள். ஏற்றாமல் விட்டால் அடுத்த விபத்தில் கிளெய்ம் நிற்கும்.

ஒருவேளை மனம் மாறி ஸ்கிராப் போடுவதானால் காயலான் கடைக்கு ஆர்சி உயிரோடு இருக்கக் கொடுக்காதீர்கள். அரசு பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் நிலையத்தில் கொடுத்து வைப்புச் சான்றிதழ் வாங்கினால், அதை வைத்துப் பதிவை ரத்து செய்யலாம். புது வண்டிக்கு வரிச்சலுகை கேட்கவும் அதுதான் தாள்.

#21 மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்

பில்லோடு 75 குதிரைசக்தி ஹாஃப் இன்ஜின் 48,000க்குப் பேசியாகிவிட்டது. பேரிங் சாம்பல் நிறம், போர் சுத்தம், ஆட்டம் 0.15. அனுமதிக்கு மனு கொடுத்தாச்சு. பூட்டும்போது எங்கே தவறு நடக்கும்?

#22 டயல்கேஜ்

நாலு இடம்.

ஆயில் கூலர். பழைய இன்ஜினில் 3ஆம் ராடு அரைத்த தூள் மொத்தமும் அதன் தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. எத்தனை தடவை அலசினாலும் வராது. சூடாகி ஆயில் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புது பேரிங்கைத் தின்னும். கூலர் புதுசு போடுங்கள். இதில் நாலாயிரம் ஐயாயிரம் மிச்சம் பிடித்து இன்ஜினையே இழக்க வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட். டீசலுக்கு இது பல தடிமனில் வரும். புது ஹாஃப் இன்ஜினில் பிஸ்டன் பிளாக் முகத்துக்கு மேலே எத்தனை துருத்துகிறது என்று நாலிலும் டயல் கேஜில் அளந்து, அதிகமானதை வைத்து மேனுவல் அட்டவணையில் தடிமன் தேர்ந்தெடுக்கணும். பழைய கேஸ்கெட்டில் இருந்த குறியைப் பார்த்து வாங்காதீர்கள், அது பழைய பிளாக்குக்கு. ஹெட் போல்ட் டார்க் வைத்து அதற்கு மேல் கோணம் திருப்புகிற வகை, ஒரு தடவை இழுபட்டது திரும்ப வராது. புதுசு.

டைமிங். கேம் ரெண்டுக்கும் கிராங்க்குக்கும் பூட்டு ஊசி இல்லாமல் இந்தச் செயினைப் போடவே கூடாது. பெயிண்ட் குறி வைத்துப் போடுகிறேன் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். பல் தவறினால் ராக்கர்கள் போகும். பூட்டியதும் ஊசிகளை எடுத்துவிட்டு ரெண்டு சுத்து கையால் சுத்தி, திரும்ப ஊசி இறங்குகிறதா பாருங்கள்.

பேக்கிங் பசை. அனாபாண்டை வழிய வழியப் பூசினால் பிதுங்கி உள்ளே விழுந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும். தீக்குச்சி தடிமனுக்கு ஒரே கோடு, போல்ட் துளைக்கு உள்பக்கமாக.

#23 மடிப்பாக்கம்_ஸ்விஃப்ட்

முதல் ஸ்டார்ட் எப்படி?

#24 பம்ப்ரூம்

புது ஆயில் ஃபில்டரை ஆயிலில் நனைத்துப் போடுங்கள், டர்போ ஆயில் வாயில் நாலைந்து சொட்டு விடுங்கள். இன்ஜெக்டர் கனெக்டர் நாலையும் கழற்றி வைத்துவிட்டு செல்ஃப் பத்து பத்து விநாடியாக, நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு அடியுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை. அணைந்த பிறகுதான் கனெக்டர். ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிஷம் ஐடில் மட்டும், காலை ஆக்சிலரேட்டரில் வைக்க வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கட்டும், கூலன்ட் மட்டம் பாருங்கள்.

100 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், 1,000த்தில் இன்னொரு தடவை. இந்த இன்ஜினில் ஃபில்டர் வெறும் பேப்பர், டப்பா இல்லை. பழையதைத் தூக்கி எறியாமல் மடிப்பை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் பிடியுங்கள். பொடி மாதிரி நாலைந்து மினுக்கு இருந்தால் பழைய பைப்பில் தங்கியது, இன்னொரு ஆயிலில் போய்விடும். செம்பு நிறச் செதில் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே போட்டோ போடுங்கள்.